துப்பாக்கிக்குப் புது புஷ் போட்ட மதினி

கேட்பது என்ற ஒரு வேலை மட்டும் என் மதினிக்குத் தெரியாது. மதினி என்றால் என் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த அக்கா. மற்ற எல்லா வேலையும் தெரியும். மிளகாய்க்குப் பாத்தி கட்டுவார், சண்டி மாட்டை வண்டியில் பூட்டுவார், முள் வெட்டி வேலி அடைப்பார். ஆனால் 'எடுத்துக்கிறட்டுமா', 'போகட்டுமா' என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் பார்த்ததில்லை. எடுத்துக்கொள்வார். போவார். அவ்வளவுதான்.

நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கே அது தெரிந்துவிட்டது. திருப்புல்லாணிக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் எங்கள் ஊர். ஆண்கள் பந்தி எழுந்த பிறகுதான் பெண்பிள்ளைகள் இலையில் உட்கார வேண்டும், அதிலும் புதுப்பெண் கடைசி. மூன்றாவது பந்தியும் எழாமல் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, எனக்கு வயிறு ஒட்டிப்போய்க் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மதினி ஒரு கும்பாவில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

"மாமாகிட்டச் சொல்லிட்டீகளா?" என்று மாமனாரை நினைத்துப் பயந்துபோய்க் கேட்டேன்.

"கேட்டாத்தான மாட்டேன்னு சொல்லுவாக. தின்னு."

இந்தச் சொல்லை அதற்கப்புறம் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு அது பிடிக்கவும் செய்தது, எரிச்சலாகவும் வந்தது. என் அம்மா வீட்டுச் சீராக வந்த வெள்ளாட்டை ஒருநாள் பிடித்துக்கொண்டுபோய், பிள்ளைபெற்று வீட்டோடு கிடந்த பக்கத்துத் தெருக்காரி ஒருத்தியிடம் பாலுக்காகக் கொடுத்துவிட்டு வந்தார். என்னுடைய ஆடு. நான் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஆடு நல்லாத்தான் இருக்கு, போயிப் பாத்துட்டு வா" என்றார். வருத்தமா, சமாதானமா, ஒன்றும் தெரியாத குரல்.

அவருடைய சொந்த வாழ்க்கையும் அப்படித்தான். பரமக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் தன் துணிமூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே வீட்டுக்கு வந்து, அடுப்பை மூட்டி உலை வைத்துவிட்டாராம். என்ன ஏது என்று என் மாமனார் கேட்டதற்கு, "ஒத்து வரல, வந்துட்டேன்" என்றாராம். திருப்பிக் கூட்டிக்கொண்டு போக வந்தவர்களுக்கும் அதே பதில்தான், கூடவே ஆளுக்கு ஒரு செம்பு மோர். அவர் அங்கே என்ன பட்டார் என்று எனக்கும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஆளின் கையில்தான் எங்கள் வீட்டுத் துப்பாக்கி இருந்தது.

அது தோட்டா போட்டுச் சுடுகிற துப்பாக்கி இல்லை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியை வைத்துக் கம்பியால் கிட்டித்து இறுக்க வேண்டும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பொறி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் கிண்ணியிலுள்ள மருந்தில் விழும். அந்தத் தீ, குழலின் அடியிலுள்ள ஒரு பொடித் துளை வழியாக உள்ளே ஓடினால்தான் வெடிக்கும். ஊசிக்குக் காது என்பது போல அந்தத் துளைக்கும் காது என்றுதான் பெயர். காட்டுப்பன்றி விரட்ட என்று மாமா பேரில் லைசென்ஸ் இருந்தது. உண்மையில் அது வருஷத்துக்கு ஒருநாள் துப்பாக்கி. சாமிக்கு மண்குதிரை கொண்டுபோய் விடுகிற புரவியெடுப்பு அன்று, குதிரை செய்கிற வேளார் வீட்டு முற்றத்தில் அவற்றைத் தோளுக்குத் தூக்கும்போது, எங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஒரு வெடி போட வேண்டும். வெடி கேட்டால்தான் குதிரை கிளம்பும். சுட்டவர் தலையில்தான் ஊரின் முதல் பரிவட்டத் துணியைக் கட்டுவார்கள்.

எலெக்சன் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒருதடவை எலெக்சன் முடிந்தும் திருப்பித் தராமல், இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று மாமாவை அலையவிட்டார்கள். மதினி ஒரு பெட்டி நிலக்கடலையைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் தொலியை மிதித்துக்கொண்டு போனார்கள். "எந்திரிச்சுப் போம்மா. லைசென்ஸ் உள்ளவர் வந்தாத்தான் குடுப்போம்" என்று ஏட்டு சத்தம்போட்டார். "அவுக கால் தேயிற மட்டும் வந்துட்டாக. இனி நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும்" என்று இவர் பாட்டுக்கு உரித்தார். பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு மதினியின் பின்னாலேயே எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

சுடுவது ஆண்கள். சுட்ட பிறகு வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு வைப்பது மதினி. குழலின் வாயில் ஊற்றும் தண்ணீர் காது வழியாக வெளியே வரும். நான் வந்த புதிதில் அது நூல் மாதிரி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வருஷம் ஆக ஆக அது ஆட்டுக்குட்டி மூத்திரம் பெய்கிற மாதிரி ஆகிவிட்டது.

"காது தேஞ்சு போச்சு புள்ள" என்று ஒரு பொட்டுக்கடலையை எடுத்து வைத்துக் காட்டினார். உள்ளே விழுந்துவிட்டது.

தேயாமல் என்ன செய்யும்? வருஷா வருஷம் சுடுவதற்கு முன்னால் வேளார் ஒரு இரும்புக் குத்தூசியைத் தட்டில் வைத்துக் கொடுப்பார். சுடுகிறவர் அதைக் காதுக்குள் விட்டு மூன்று தடவை திருகி, கல்லால் ஒரு தட்டுத் தட்டி எடுக்க வேண்டும். காது திறப்பது என்று அதற்குப் பெயர். அடைப்பு எடுக்க யாரோ ஒரு காலத்தில் செய்தது வழக்கமாகி, அடைப்பு இருக்கிறதோ இல்லையோ தலைமுறை தலைமுறையாகத் திருகித் தட்டியிருக்கிறார்கள். துளை பெரிதாகப் பெரிதாகக் குத்தூசியையும் பெரிதாக அடித்துக்கொண்டார்கள்! யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

வாய் வழியாகப் போக வேண்டியது காது வழியாகப் போனது. ஒரு வருஷம் புஸ்ஸென்று தும்மியது. அடுத்த வருஷம் பக்கவாட்டில் தீ சீறி, வலப்பக்கம் நின்ற அம்பலகாரர் மீசையில் ஒரு பாதியைப் பொசுக்கிவிட்டது. ஊரில் பெரிய மனிதர் அவர். மீதிப் பாதியையும் அவரே வழித்துவிட்டு மழமழவென்று நடமாடினார். நாங்கள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தோம்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. கோடாங்கியை வைத்துக் குறி கேட்டார்கள். புருசனை விட்டுவிட்டு வந்தவள் கை துப்பாக்கியில் பட்டிருக்கிறது, அந்தத் தீட்டில்தான் சாமி வாயைக் கட்டிவிட்டது என்று கோடாங்கி அடித்துச் சொல்லிவிட்டான். மந்தையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அடுத்த புரவியெடுப்புக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் மதினியை உச்சிப்புளியில் ஒரு சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், நிரந்தரமாக. இல்லையென்றால் வெடியும் பரிவட்டமும் வேறு வீட்டுக்குப் போகும். என் மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, "ஊரு சொல்றபடி" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற ஆள்.

பெண்கள் கூட்டத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. மதினி போனார். நான் வேப்பமரத்து மறைவில் நின்றேன்.

"பொம்பளைக்கு இங்கன என்ன சோலி?" என்றார் அம்பலகாரர்.

"என்னையப் பத்தித்தான பேசுறீக. நான் இல்லாம எப்புடி?" என்றார் மதினி. "துப்பாக்கிக்குக் காது தேஞ்சுருக்கு. தீட்டுமில்ல, கீட்டுமில்ல. இந்த வருசம் அது வெடிக்கும். வெடிக்கலைன்னா அங்கனருந்தே நான் பஸ்ஸேறுறேன், ஒருத்தரும் அனுப்ப வேணாம். வெடிச்சுருச்சுன்னா அப்பறம் என்னையப் பத்தி ஒரு நாக்கு அசையக் கூடாது."

யாரும் சரி என்று சொல்லவில்லை. அவர் அதற்காக நிற்கவும் இல்லை, சேலையை உதறிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பழைய துணிமூட்டையை எடுத்துத் தூசி தட்டியதை நான்தான் பார்த்தேன். அந்த வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. சின்னம்மா வீட்டில் தின்னும் சோற்றுக்குச் சொல்லிக் காட்டுவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

காதைப் பட்டறையில் சரிசெய்யும் பேச்சு வந்ததும், குழலை இரும்பு தொடக்கூடாது, அது சாமி கொடுத்தது என்று மாமா ஒரே பிடியாக நின்றார். "குத்தூசி மட்டும் என்ன பூவா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அவர் வயலுக்குப் போனதும் மதினி துப்பாக்கியை எடுத்தார். என் சீர்ப்பாயை உருவி அதில் சுற்றினார். என்னையும் இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். "பாய்க்குள்ள என்னம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். "பாய்க்குள்ள என்ன இருக்கும், தலகாணிதான்" என்றார். எனக்குப் பஸ் முழுக்க வேர்த்துக்கொண்டே வந்தது.

ராமநாதபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறை. புதுமடம், மண்டபம் பக்கத்து மீன்பிடிப் போட்டுகளுக்கு எஞ்சின் வேலை செய்கிற ஒரு முஸ்லிம் பாய் அதை நடத்தினார். துப்பாக்கியைப் பார்த்ததும் பட்டறைக் கதவைப் பாதி சாத்தினார்.

"யா அல்லா, இதெல்லாம் நான் தொடுறதில்லம்மா. போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?"

மதினி லைசென்ஸை நீட்டினார்.

"இருந்தாலும் வேணாம்மா. பழைய இரும்பு. விரிசல் விட்டுருச்சுன்னா ஆள் காலி."

"போட்டு எஞ்சின்ல ஓட்டை தேஞ்சா என்ன செய்வீக?"

"புஷ் போடுவோம். தேஞ்ச ஓட்டைக்குள்ள புதுசா ஒரு வளையம் எறக்குறது."

"இதுலயும் ஓட்டைதான் தேஞ்சுருக்கு."

பாய் மீதிக் கதவையும் சாத்தினார். அப்புறம் துப்பாக்கிக் கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துணியால் தேய்த்தார். கரி போகப் போக, காதைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. செம்பு.

"இங்க பாருங்க. இது முன்னாலயே ஒருதரம் புஷ் போட்டதுதான். செம்பு மெதுவுல்ல, அதான் இப்புடித் தின்னுருக்கு."

மதினி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு பழைய அரத்தின் வாலைத் துளைக்குள் தட்டி இறக்கி, அதைப் பிடித்துத் திருகித் திருகி, பாய் அந்தச் செம்புத் துண்டை முழுதாகக் கழற்றினார். துளையில் புதிதாக மரை போட்டார். போட்டு ஷாஃப்டில் வெட்டி மிஞ்சிய துருப்பிடிக்காத இரும்புத் துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து, சுண்டுவிரல் நகம் பருமனுக்குப் புது புஷ் செய்தார். உள்பக்கம் புனல் மாதிரி அகலம், வெளிப்பக்கம் ஊசி போகிற அளவு. முடுக்கிவிட்டு, உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று கம்பியில் துணி சுற்றி விட்டு இழுத்துப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. "மொதத் தடவ கையில வச்சுச் சுட்டுறாதீங்க. கட்டையில கட்டி, கயிறு போட்டு, எட்ட நின்னு இழுங்க" என்று ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அப்படியே செய்தோம். கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு கட்டையில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் கயிறு போட்டு, வரப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுத்தோம். காட்டிலிருந்த மயில் அத்தனையும் அகவிக்கொண்டு எழும்பின. என் காது ரெண்டும் அடைத்துக்கொண்டது. திரும்பினால் வரப்பில் மாமா நிற்கிறார், கோபத்தில் உதடு துடிக்கிறது.

"என்னையக் கேக்காம..."

மதினி மடியிலிருந்த செம்புத் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "இந்தாங்க அய்யா. ஒங்க பாட்டனோ முப்பாட்டனோ போட்டது. அவுக மாத்தலாம், நான் மாத்தக் கூடாதாக்கும்?"

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊருல சொல்லிக்கிட்டுத் திரியாத" என்று மட்டும் சொல்லிவிட்டு மடியில் முடிந்துகொண்டு போனார்.

காப்புக் கட்டினார்கள்; மதினி போகவில்லை, வெடி வெடிக்கிறதா பார்ப்போம் என்று ஊரும் விட்டுவிட்டது. புரவியெடுப்பு வந்தது. மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதால் அந்த வருஷம் என் வீட்டுக்காரர் சுட வேண்டும். வேளார் முற்றத்தில் வரிசையாக மண்குதிரைகள், வெள்ளையும் காவியும் அடித்து, மாலை போட்டு. தூக்குகிறவர்கள் கட்டையில் தோளைக் கொடுத்துக் குனிந்திருந்தார்கள். அம்பலகாரர் இந்தத் தடவை துப்பாக்கிக்கு இடப்பக்கமாக, நன்றாகத் தள்ளியே நின்றார். மீசை திரும்ப வளர்ந்திருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் குதிரையைப் பார்க்கவில்லை, மதினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸேறுகிறாளா என்று பார்க்க வந்தவர்கள்.

வேளார் தட்டில் குத்தூசியை நீட்டினார். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் பார்த்த பழக்கத்தில் எடுத்துவிட்டார். அது பழைய துளைக்கென்று அடித்த ஊசி. கல்லால் ஒரு தட்டுத் தட்டினால் முனை புதுக் காதில் முறிந்து அடைத்துக்கொள்ளும். அதோடு வெடியும் போயிற்று, மதினியும் போனார். 

"ஏலே தம்பி, குத்தாத!"

மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினார்.

"வழக்கம்மா அது. காது தொறக்காம எப்புடி?" என்று வேளார் பதறினார்.

"தொறந்து தொறந்துதான ஓட்டையாக்கி வச்சுருந்தீக. இனிமே இது சாமிகிட்டயே கெடக்கட்டும்."

ஊசியை முதல் குதிரையின் காலடியில் வைத்தார். கொண்டையில் செருகியிருந்த கோழியிறகை எடுத்து, அதன் காம்பைச் சீவிய முனையைக் காதுக்குள் விட்டு எடுத்தார். கூட்டம் கசகசத்தது. "பொம்பள தொட்டுட்டாய்யா" என்று ஒரு குரல். குழலில் முன்னாலேயே மருந்து கிட்டித்திருந்த என் வீட்டுக்காரர், அடுத்துக் கிண்ணியில் மருந்து போடப் போனார். அந்தக் குரலைத் திரும்பிப் பார்த்ததில் மருந்து பாதி கீழே கொட்டியது. மதினி அவர் முகத்தைப் பார்த்தார். துப்பாக்கியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, கிண்ணியில் தானே மருந்து போட்டு, மூடி, கட்டையைத் தோளில் பதித்து, வானத்தைப் பார்க்கத் தூக்கினார். அம்பலகாரர் "ஏய்" என்று வாயைத் திறப்பதற்குள் விசையை இழுத்துவிட்டார்.

காது தேய்ந்துபோன பிறகு அந்தத் துப்பாக்கி வாயால் வெடித்து அன்றைக்குத்தான் ஊரோடு சேர்ந்து கேட்டேன். வேளார் வீட்டு ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. புகை விலகியபோது மதினி அப்படியே நின்றுகொண்டிருந்தார், முகத்தில் ஒரு பொட்டுக் கரியில்லாமல். குதிரைகள் தோளுக்கு ஏறிவிட்டன. எனக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்தான்.

அடுத்தது பரிவட்டம். அது கட்டாமல் குதிரை ஓர் அடி நகராது. வேளார் பட்டுத்துணியைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். மதினியைத் தாண்டி, என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றார். தலையைக் குனிய வேண்டியதுதான் பாக்கி.

அவர் குனியவில்லை. துண்டை முறுக்குகிற அந்த ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சுட்டது அக்கா" என்றார்.

"பொம்பளைக்குக் கட்டுற வழக்கம் இல்லப்பா. நீ வாங்கிக்க" என்றார் அம்பலகாரர்.

"சுட்டது அக்காதான்" என்றார் மறுபடியும். எல்லோருக்கும் கேட்டது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டோமே என்று எத்தனையோ நாள் நான் நொந்ததுண்டு. அந்த நிமிஷத்தில் அத்தனையும் கழிந்துபோனது.

குதிரைகளின் பாரம் தோளில் இறங்க, தூக்கியவர்கள் கால் மாற்றி நின்றார்கள். வேளார் அம்பலகாரரைப் பார்த்தார், அம்பலகாரர் மாமாவைப் பார்த்தார், மாமா செம்புத் துண்டை முடிந்திருந்த மடியைத் தடவிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். மதினி துப்பாக்கியைத் தம்பியிடம் கொடுத்தார். தட்டிலிருந்த பட்டுத்துணியை எடுத்து உதறி, தன் தலையில் தானே கட்டிக்கொண்டு, முடிச்சை இறுக்கினார்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீக? நடங்கப்பா" என்றார் தூக்குகிறவர்களிடம்.

அம்பலகாரர் கையை ஓங்கிக்கொண்டு ஏதோ சொல்லப்போனார். குதிரை நகரும்போது முதல் குலவை அவர் வீட்டுப் பெண்கள்தான் போட வேண்டும், அதற்கப்புறம்தான் மற்றவர்கள். நான் போட்டேன். தொண்டை கிழியப் போட்டேன். ஒரு மூச்சு நேரம் என் குலவை மட்டும் தனியாகக் கேட்டது. பிறகு என் ஆட்டுப் பாலைக் குடித்துப் பிள்ளை வளர்த்தவள் போட்டாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் போட்டாள், வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. அம்பலகாரரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவருக்குப் பின்னால் நின்ற அவர் பெண்டாட்டி ஒருதரம் அவர் முதுகைப் பார்த்துவிட்டு, நாக்கை மடித்து அவளும் குலவையிட, குதிரைகள் நகர்ந்தன.